கம்பியில்லாத் தந்திக்கும் ஒரு கம்பி உண்டு

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. என் தங்கையின் பேரன் சிதம்பரத்தில் பஸ் ஏறி, ஒரு அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறான். காபியைக்கூடத் தொடாமல் பெட்டியைத் திறந்தான்.

"தாத்தா, எல்லாம் சரியா இருக்கு. பேசுற நேரத்துல மட்டும் செத்துப் போவுது."

உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலப் பலகை. ஆர்டுயினோ என்று பெயராம். அதன் பக்கத்தில் பெரிய தபால்தலை அளவில் ஒரு வைஃபை மாட்யூல். ஈஎஸ்பி 8266 என்றான். இரண்டையும் தலைமயிர் போன்ற ஒயர்களால் இணைத்திருந்தான். ஆற்றில் தண்ணீர் ஏறினால் இந்தக் கருவி அதை அளந்து, பக்கத்து வீட்டு வைஃபை வழியாக ஊர்க்காரர்களின் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அதுதான் அவனுடைய புராஜெக்ட்.

அவன் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குறிஞ்சிப்பாடிப் பக்கம், பரவனாற்றை ஒட்டிய ஊர் அவனுடையது. 2015 நவம்பர் வெள்ளத்தில் பதினோரு வயசுப் பையனாக ஓர் இரவு முழுவதும் மாடியில் உட்கார்ந்திருந்தவன். "யாராவது ஒரு மணி நேரம் முன்னால சொல்லியிருந்தா, மாட்டையாவது அவுத்து விட்டிருப்போம்" என்று அவன் அப்பா இன்றைக்கும் சொல்வார்.

"வோல்ட் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் தாத்தா. 3.3 கரெக்டா காட்டுது."

"லோடு குடுத்துப் பாத்தியா?"

விழித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை என்னவென்று எனக்குத்தான் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் பழைய கதை.

கேட்பதற்குக் காசில்லை

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1967இல் புதுச்சேரியில் வானொலி நிலையம் வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். ஓஏ79 என்ற சின்ன டயோடு ஒன்று, அட்டைக்குழாயில் சுற்றிய செம்புக் கம்பி, பழைய ஹெட்போன் ஒன்று. தென்னை மரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஏரியல் கட்டி, எர்த் கம்பியைக் கிணற்றுக் குழாயில் மாட்டினால் ராத்திரியில் கொசு பாடுவதுபோல் நாதஸ்வரம் கேட்கும். பாட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. காற்றில் வரும் அலையின் சக்தியே அதை இயக்கியது.

இப்படிக் கனிமத் துண்டை வைத்து அலையைப் பிடிக்கும் வித்தைக்கு 1901இல் காப்புரிமை கேட்டு, 1904இல் அமெரிக்காவில் பெற்றவர் நம் ஜகதீச சந்திர போஸ். ஆக, கேட்பதற்குக் காசில்லை. காசெல்லாம் பேசுவதற்குத்தான். ஹெட்போனில் நான் கேட்ட அந்தக் கொசுப் பாட்டுக்காகப் புதுச்சேரியில் ஒரு நிலையமே மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. கம்பியில்லாத் தந்தி என்று பெயர் வைத்தோமே தவிர, அதற்கும் ஒரு கம்பி உண்டு. மின்சாரம் வரும் கம்பி. அது அறுந்தால் எல்லாம் ஊமை.

கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டும் என்றாலும் செலவு வந்துவிடும். சென்னையில் அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16 அன்றும், திருச்சியில் 1939 மே 16 அன்றும் தொடங்கின. ஆனால் நம் பக்கத்துக் கிராமங்களில் பலவற்றுக்கு மின்சாரம் வர அதன்பின் எத்தனையோ வருஷம் ஆயிற்று. வால்வு ரேடியோவுக்கு இரண்டு விதமான பாட்டரி வேண்டும். வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை அல்லது இரண்டு வோல்ட் தரும் 'ஏ' பாட்டரி. ஒலியைப் பெருக்க 90 வோல்ட் தரும் 'பி' பாட்டரி. இரண்டில் எது செத்தாலும் பெட்டி வெறும் மரப்பெட்டி.

புவனகிரிக்குப் பக்கத்தில் என் அம்மாவின் ஊர். அங்கே பஞ்சாயத்து ரேடியோவைச் சாயங்காலம் ஒருவர் திறந்து வைப்பார். செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் முடிந்ததும் படக்கென்று நிறுத்திவிடுவார். "பாட்டு வைங்க மாமா" என்று நாங்கள் கெஞ்சுவோம். "பாட்டரி உங்கப்பனா வாங்கித் தருவான்?" என்பார். அன்றைக்கு அவரைத் திட்டினோம். திருச்சி வானொலி சொல்லித்தான் ஏடிடி 27 நெல் காவிரிப் பாசன ஊர்களில் பரவி, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. அந்த மாமாவைப் போன்றவர்கள் பாட்டுக்கு பாட்டரியைச் செலவழித்திருந்தால், விதைப்புச் சேதியைக் கேட்கப் பெட்டியில் உயிர் இருந்திருக்காது.

அவரிடம்தான் ஓர் அதிசயமும் பார்த்தேன். பழைய பாட்டரியைக் கழற்றி மீட்டரில் வைத்தால் கிட்டத்தட்ட 90 காட்டும். செட்டில் மாட்டித் திருகினால் ஒரு முனகலோடு அடங்கிவிடும். "சும்மா நிக்கும்போது எல்லா மாடும் காளைதான். ஏர்ல பூட்டினாத்தான் தெரியும்" என்றார். அதைவிட நல்ல மின்பொறியியல் பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ஒரு கப்பலில் நடந்த ரிப்பேர்

இந்தக் கம்பியின் அருமையை உலகத்துக்கே காட்டிய சம்பவம் டைட்டானிக். 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையில் மோதியது, அது எல்லாருக்கும் தெரியும். அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது பலருக்குத் தெரியாது.

ஏப்ரல் 12 வெள்ளிக்கிழமை இரவு கப்பலின் வயர்லெஸ் செத்துப்போனது. அதில் இருந்த ஆபரேட்டர்கள் இரண்டே பேர். ஜாக் பிலிப்ஸுக்கு 25 வயசு, ஹெரால்ட் பிரைடுக்கு 22 வயசு. அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன செட்டை வைத்துக்கொண்டு நியூயார்க் வரை ஒப்பேற்றியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். விடியற்காலையில்தான் கோளாறு பிடிபட்டது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் ஒயர் பெட்டிக்குள்ளேயே கருகி, இரும்பு போல்ட்டில் உரசி, மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. அதாவது கோளாறு பேசும் கருவியில் இல்லை, அதற்குச் சோறு போடும் வழியில் இருந்தது. சரிசெய்தார்கள்.

மறுநாள் இரவு விபத்து. நள்ளிரவு தாண்டி அபாயக் குரல் கிளம்பியது. சுமார் 58 மைல் தள்ளியிருந்த கார்பேத்தியா என்ற கப்பலின் ஒரே ஆபரேட்டர் அதைக் கேட்டார். கப்பல் திரும்பி, விடியற்காலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தது. படகுகளில் இருந்த 700க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கப்பல் மூழ்குவதற்குச் சில நிமிஷம் முன்புவரை விளக்கு எரிந்தது, வயர்லெஸ்ஸுக்கு மின்சாரம் கிடைத்தது. கீழே இருந்த பொறியாளர்கள் கடைசிவரை டைனமோவை விடாமல் ஓட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. தந்தி அடித்த பிலிப்ஸின் பெயராவது புத்தகத்தில் வருகிறது. மின்சாரம் கொடுத்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் எழுதிய பொய்க்கணக்கு

இப்போது என் கதை. எங்களுடையது கம்பி உள்ள இலாகா, தொலைபேசி. எண்பதுகளில் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எக்ஸ்சேஞ்சின் உயிர் பாட்டரி அறையில் இருக்கும். இரண்டு வோல்ட் செல்கள் 24 வரிசையாக நிற்கும். கரண்ட் இருக்கும்போது சார்ஜர் அவற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் பாட்டரி தாங்கும். தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

நானும் எழுதினேன். 51, 51, 51. மாதக்கணக்கில் ஒரே கணக்கு. மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஒரு ஐப்பசி மழையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. பாட்டரி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். முக்கால் மணி நேரத்தில் முள் 44க்கு இறங்கியது. ரிலேக்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஊரே ஊமையானது. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அவர் வீட்டம்மா இறந்துவிட்டார். பம்பாயில் இருந்த மகனுக்கு டிரங்க் கால் போட வேண்டும். "தம்பி, ஒரு வார்த்தை சொன்னா போதும். அவன் வர்ற வரைக்கும் வச்சிருக்கலாமான்னு கேக்கணும்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் மத்தியானம்தான் லைன் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தப்பு என்னுடையது. நான் தினமும் அளந்தது பாட்டரியை அல்ல, சார்ஜரை. சார்ஜர் ஓடும்போது மீட்டர் காட்டுவது அதன் வோல்ட்தான். உள்ளே செல்கள் செத்துக்கிடந்தாலும் வெளியில் 51 காட்டும். சார்ஜரை நிறுத்திவிட்டு, முழுச் சுமையையும் பாட்டரி மேல் ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு செல்லாக அளந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஏர்ல பூட்டிப் பார்க்காமல் காளை என்று நோட்டில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, ஆடி மாசம் வந்தால் சார்ஜரை நிறுத்தி பாட்டரியைச் சோதிக்காமல் நான் இருந்ததில்லை.

நம் கடற்கரையில்

2004 டிசம்பர் 26. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. ஆனால் நமக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில், புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் நல்லவாடு என்ற மீனவர் ஊர் தப்பியது.

அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது. 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கிய திட்டம் அது. அப்போது கிராமங்களில் டெலிபோன் லைன் சரியில்லை என்பதால் இருவழி வயர்லெஸ் வைத்தார்கள். கரண்ட்டை நம்ப முடியாது என்பதால் சூரிய ஒளித் தகடுகளும் வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் அலை எத்தனை அடி எழும் என்ற சேதியைத் தினமும் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் வைத்தவர்கள் பலர் உண்டு. அந்தக் காலத்திலேயே கம்ப்யூட்டருக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று முதலில் யோசித்தவர்கள் இவர்கள்.

சுனாமி அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் டிவியில் சேதி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் தப்பினார்கள். சிங்கப்பூர் போனைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அந்த ஒலிபெருக்கிதான் நினைவில் நிற்கிறது. கதவை உடைத்துப் பொத்தானை அழுத்திய அந்த நொடியில் அதில் மின்சாரம் இருந்தது. இல்லாவிட்டால் ஒரு வீட்டுக்கு வந்த போன் அந்த வீட்டோடு நின்றிருக்கும்.

ஏழு வருஷம் கழித்து மறுபக்கத்தையும் பார்த்தோம். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' கரை கடந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. 1962இலிருந்து தென்னாட்டுக்கே மின்சாரம் தரும் நெய்வேலி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் நம் கிராமங்கள் பல வாரங்கள் இருட்டில் கிடந்தன. விளக்குக்கு அடியில் இருட்டு என்பது அதுதான். செல்போன் கோபுரங்கள் பல, விழாமலே ஊமையாகின. பாட்டரி தீர்ந்தது, டீசல் தீர்ந்தது, அவ்வளவுதான். எல்லார் கையிலும் போன் இருந்தது, யாராலும் பேச முடியவில்லை. எங்கள் தெருவில் சேதி கேட்டது பென்சில் செல் போட்ட ஒரு பழைய டிரான்சிஸ்டரில். கேட்பதற்குத்தான் காசில்லையே!

பையனின் பலகை

இனி பேரன் கதைக்கு வருகிறேன். "பேசுற நேரத்துல செத்துப் போவுது" என்று அவன் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. வைஃபை மாட்யூல் சும்மா இருக்கும்போது கொஞ்சமாகத்தான் குடிக்கும். செய்தி அனுப்பும்போது 170 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கணநேரத்துக்கு 300ஐயும் தாண்டும். அவன் அதற்கு மின்சாரம் எடுத்திருந்தது ஆர்டுயினோவின் 3.3 வோல்ட் காலிலிருந்து. அந்தக் கால் தரக்கூடியது வெறும் 50 மில்லி ஆம்பியர். ஒரு சொம்பில் இருக்கும் தண்ணீரை வைத்துப் பந்திக்கே பரிமாறப் பார்த்திருக்கிறான்.

மீட்டரில் ஏன் தெரியவில்லை? வோல்ட் விழுவது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவு. நம் மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அதற்குள் மாட்யூல் மயங்கி விழுந்து, மறுபடி எழுந்து, முதலிலிருந்து தொடங்கிவிடும். பார்ப்பவனுக்குப் புரோகிராமில் தப்பு என்று தோன்றும். அவனும் இரண்டு வாரமாகப் புரோகிராமைத்தான் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான்.

ஒயரும் ஒரு திருடன். அந்த மயிரிழை ஒயர்களும், குத்தி எடுக்கும் பலகையின் தளர்ந்த ஓட்டைகளும் சேர்ந்து ஒரு ஓம் தடை இருந்தால்கூடப் போதும். 300 மில்லி ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 0.3 வோல்ட் போய்விடும். 3.3 போய் 3 ஆகிவிடும். அந்த மாட்யூலுக்கு அதுதான் கிட்டத்தட்ட உயிர்க்கோடு.

வைத்தியம் பெரிசில்லை. 5 வோல்ட்டிலிருந்து தனியாக ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர், 800 மில்லி ஆம்பியர் தரக்கூடியது. மாட்யூலின் காலை ஒட்டியே 470 மைக்ரோபாரட் கபாசிட்டர் ஒன்று. வீட்டுக்கு ஓவர்ஹெட் டாங்க் போல அது. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தாலும் ஒரு நொடி தாங்கும். ஒயரைக் குட்டையாக வெட்டிப் பற்றவைத்தோம். இரண்டு பலகைகளின் கிரவுண்டையும் ஒன்றாக இணைத்தோம். இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். என் பழைய சால்டரிங் அயர்னில் ஈயம் உருகும் வாசனை வந்தபோது, வீட்டம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி இயக்கினோம். வாளியில் குச்சியை இறக்கித் தண்ணீர் ஊற்றினான். என் போனில் சேதி வந்தது. மறுபடி ஊற்றினான், மறுபடி வந்தது. இருபது தடவை செய்யச் சொன்னேன். இருபதும் வந்தது. துள்ளிக் குதித்தான்.

"இன்னும் முடியலடா" என்றேன். "இது வீட்டுக் கரண்ட்டுல ஓடுது. வெள்ளம் வர்ற அன்னிக்கு கரண்ட் இருக்குமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பாட்டரி போடுறேன் தாத்தா."

"போட்டுட்டு?"

"லோடு குடுத்து அளக்குறேன்."

அந்தப் பெரியவருக்கு நான் பட்ட கடனில் ஒரு காசு அன்றைக்கு அடைந்ததுபோல் இருந்தது.

நண்பர்களே, ஐப்பசி கார்த்திகை நமக்குப் புதிதில்லை. உங்கள் ஊரில் ஒலிபெருக்கியோ சைரனோ வயர்லெஸ்ஸோ இருந்தால், மழைக்கு முன்னால் ஒருநாள் மெயின் கரண்ட்டை நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் அதைப் பேசவிட்டுப் பாருங்கள். மீட்டரில் முள் நிற்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் 51 என்று எழுதியவன்தான்.